முழுங்கிய வார்த்தைகள்

பரிசோதனைக்கு முந்தின நாள் திருமூர்த்தியைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அவருடைய குரலைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்த அவர் "ம்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு நர்ஸ் மெர்லினைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்ன வேணாலும் பேசுங்கய்யா. உங்க சின்ன வயசு, உங்க வேலை, எதுன்னாலும் சரி."

"ம்."

"முப்பத்தஞ்சு வருசத்துல எங்கிட்டயே சேர்ந்தாப்புல பத்து நிமிசம் பேசுனதில்லீங்க சிஸ்டர்," என்றாள் பக்கத்தில் இருந்த சுகந்தி. "நீங்க கேட்டா மட்டும் வந்துருமாக்கும்?"

பொள்ளாச்சிக் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் நூலகராக இருந்தவர் அவர். அமைதியாக இருப்பதற்கே சம்பளம் வாங்கியவர். சுகந்தியோ பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சு வரை கேட்கப் பேசிப் பழகியவள். கடைசியில் அவள்தான் வழி கண்டுபிடித்தாள். சுவரில் 'பார்வையாளர்கள் கவனத்திற்கு' என்று ஒரு பலகை இருந்தது. அதை வாசிக்கச் சொன்னாள். எச்சில் துப்பக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, நோயாளியின் படுக்கையில் உட்காரக் கூடாது என்று திருமூர்த்தி அந்தப் பலகையை ஐந்து முறை வாசித்தார். பத்து நிமிடம் ஆனது.

மூன்று மாதமாக விடாத இருமல். ஸ்கேன் எடுத்ததில் மார்பெலும்புக்குப் பின்னால் நெறிக்கட்டிகள் வீங்கியிருப்பது தெரிந்தது. தொண்டைக்குழியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீறல் போட்டு, உள்ளே கேமராக் குழாயை விட்டுப் பார்த்து, கட்டியில் துளி கிள்ளி எடுப்பார்கள். மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம். பேச்சு நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் ஐந்து நாள் வாய் திறந்து பேசக் கூடாது. அந்த ஐந்து நாளுக்குத்தான் 'சொல்லி' என்கிற கருவி.

செவ்வாய்க்கிழமை காலை, வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில், மெர்லின் அதை அவருக்கு மாட்டிவிட்டாள். நகம் அளவுக்கு நான்கு ஒட்டுகள் தாடைக்குக் கீழேயும் கழுத்தின் இரண்டு பக்கமும். சட்டைப் பையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி.

"பேசணும்னு வந்தாலே தொண்டைத் தசை லேசா அசையும். சத்தம் வர்றதுக்கு முன்னாடியே ஒட்டு அதைப் பிடிச்சு உங்க குரல்லயே சொல்லிடும்."

திருமூர்த்தியின் கண்கள் விரிந்தன. சட்டைப் பையிலிருந்து அவருடைய குரலே எழுந்தது. "நெனைக்கிறதெல்லாம் வெளிய வந்துருமா?"

மெர்லின் சிரித்தாள். "நெனைக்கிறது வராதுய்யா. சொல்ல வந்து முழுங்குறோம் பாருங்க, அது வந்துடும். சொல்ல வந்ததுக்கும் முழுங்கினதுக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாது. அதை மட்டும் இன்னும் சரி பண்ணலை."

திருமூர்த்தியின் கை தானாகவே சட்டைப் பையைப் பொத்தியது. அவருடைய வாழ்க்கையே முழுங்கியதால் ஆனது. அதிலும் நான்கு நாளுக்கு முன் முழுங்கிய ஒன்று இன்னும் தொண்டையிலேயே நின்றது. சுகந்தி மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டர் அவரிடம் தனியாகச் சொன்னது அது. "சாதாரணக் கட்டியாவும் இருக்கலாம். புற்றாவும் இருக்கலாம். சனிக்கிழமை தெரிஞ்சிடும்."

சுகந்தி இன்னும் பன்னிரண்டு நாளில் ஜெர்மனிக்குக் கிளம்ப வேண்டும். மகள் யாழினிக்கு இது எட்டாவது மாதம், தலைப்பிரசவம். விஷயம் தெரிந்தால் சுகந்தி நகர மாட்டாள். அதனால்தான் அவர், "சும்மா இருமலுக்குத்தான் பாக்கறாங்க," என்று சொல்லிவைத்தார். அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

மெர்லின் சுகந்தியிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். ஒட்டு பிடிக்காவிட்டால் போனில் எழுத்தாக அடித்தாலும் 'சொல்லி' அதைப் பேசும், ஒட்டு இருக்கும் இடத்தில் எண்ணெய், பவுடர், எதுவும் படக் கூடாது. மயக்க மருந்தின் மிச்சத்தில் பாதிதான் அவர் காதில் விழுந்தது.

*

ஓட்டுநர் இல்லாத வாடகை வண்டி கிணத்துக்கடவு தாண்டியதும் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. தொண்டைக்குழியில் சுரீரென்றது.

"எருமை! கண்ணு தெரியலையா?" என்றது சட்டைப் பை, எச்சில் துப்பக் கூடாது என்கிற அதே கண்டிப்போடு.

"சிரமத்துக்கு வருந்துகிறேன்," என்றது வண்டி.

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏனுங்க, இத்தனை வருசம் உள்ளுக்குள்ள இப்படித்தான் வஞ்சுட்டு இருந்தீங்களா? நான் என்னமோ சாமியாரைக் கட்டிக்கிட்டேன்னு நெனைச்சேன்."

"பசிக்குது," என்றது பை. சற்றுப் பொறுத்து, "பசிக்குது," என்று மறுபடியும் சொன்னது. திருமூர்த்தி வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு போய்ச் சேரும்வரை மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ஒரு சொல் தொண்டைக்கு வந்துவிடக் கூடாது.

சாயங்காலம் கழுத்து மரம் மாதிரி இறுகிவிட்டது. பரிசோதனையின்போது தலையைப் பின்னால் சாய்த்தே வைத்திருந்தார்களாம். சுகந்தி வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். புத்தக அலமாரியில் அகராதிக்குப் பின்னால் நீலகிரித் தைலப் பாட்டில் இருந்தது. தலைவலி, இருமல், மனக்கவலை எல்லாவற்றுக்கும் அவருக்கு அதுதான் மருந்து. கட்டுப் போட்ட இடத்தை விட்டுவிட்டு, கழுத்தின் இரண்டு பக்கமும் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டார். என்ன சுகம்!

சுகந்தி உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினாள். "தைலம் தேச்சீங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். சட்டைப் பை 'ஆமாம்' என்று போட்டுக்கொடுத்துவிடுமோ என்று பயந்தார். அது வாயே திறக்கவில்லை. அப்பாடா, அடக்கப் பழகிவிட்டோம் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

*

அந்தப் பெருமை புதன்கிழமை மதியம் வரைதான் நீடித்தது.

குழையப் பிசைந்த ரசஞ்சாதத்தை ஸ்பூனால் மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தார். எதிரே சுகந்தி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் ரசத்துக்கு ஈடு எங்கேயும் இல்லை," என்றது பை.

ஸ்பூன் பாதியில் நின்றது. சுகந்தி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "அட! வாயத் தொறந்தா முத்துதான் உதிருது. முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்?"

திருமூர்த்தி யோசித்தார். ரசத்தைப் பற்றியா நினைத்துக்கொண்டிருந்தோம்? சனிக்கிழமையைப் பற்றியல்லவா? ஆனால் இன்னொரு வாய் விழுங்கிப் பார்த்தபோது, ரசம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருடமும் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். மனதின் அடியில் கிடந்ததை இந்தக் கருவி தோண்டி எடுத்துவிட்டது போல.

அன்று மாலை அவள் ஊருக்கு எடுத்துப்போகும் சேலைகளைக் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்தாள். இன்னொரு கையில் போன். யாழினிக்குப் படம் அனுப்புகிறாளாம்.

"அந்த மாம்பழக் கலர் உனக்கு எடுப்பா இருக்கு," என்றது பை.

"அய்ய, இந்த வயசுல!" சுகந்தி சேலையைச் சுருட்டிக்கொண்டு அவசரமாக அடுத்த அறைக்குப் போய்விட்டாள். போகும்போது அவள் தோள் குலுங்கியதை அவர் பார்த்தார். தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று வெகுநேரம் கவலைப்பட்டார்.

வியாழக்கிழமை அவளுடைய அண்ணன் வரதராசு நோயாளியைப் பார்க்க வந்தார். கொண்டுவந்தது நான்கு சாத்துக்குடி, ஆறு பேருடைய நோய்க் கதைகள்.

"மாப்ள, இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. நம்ம கோபால் மாமனுக்கு இப்படித்தான் நெஞ்சுல சின்னதா ஒரு கட்டின்னாங்க. மூணே மாசம்!"

"அண்ணா, மோர் குடிக்கறீங்களா?"

"இரு சுகந்தி. அப்புறம் அந்தத் தறிப்பட்டறைக்காரருக்கு..."

ஒரு மணி நேரம். வரதராசு மூன்றாவது ஆளைக் கட்டையில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பை கணீரென்று அறிவித்தது. "மச்சான், பார்வையாளர் நேரம் முடிந்தது. கெளம்புங்க."

வரதராசு செருப்பைத் தேடினார். சுகந்தி, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, அந்த மிசினு அப்படித்தான்," என்று வாசல்வரை போய்ச் சமாதானம் செய்துவிட்டு வந்தாள்.

திருமூர்த்தி கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதிக் காட்டுவார். ஒரு தாளை எடுத்து, 'நான் அப்படிச் சொல்ல நினைக்கவே இல்லை,' என்று எழுதினார்.

அவள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். "முழுங்குனதைத்தானுங்க அது சொல்லும். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. எங்கண்ணன் எப்ப எந்திரிப்பாருன்னு நீங்க ஒரு நாளும் நெனைச்சதில்லை?"

திருமூர்த்தி நெஞ்சைத் தொட்டார். கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறார். தாளைக் கசக்கிப் போட்டார்.

அன்றைக்குச் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி நெடுநேரம் யோசித்தார். சொல்லாமல் விடுவதை ஒரு மரியாதை என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தார். நூலகத்தில் ஒருவர் படிக்கும்போது மற்றவர் சத்தம் போடாமல் இருப்பதைப் போல. ஆனால் முப்பத்தைந்து வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, அவரவர் புத்தகத்தை அவரவர் படித்தது போலல்லவா ஆகிவிட்டது? எதிரில் இருந்தவள் என்ன படித்தாள் என்று அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. ரசம் வெளியே வந்துவிட்டது. சேலை வந்துவிட்டது. மச்சானும் வந்துவிட்டார். வரிசையில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

*

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. முடிவு தயார், நாளைக் காலை பத்து மணிக்கு வரவும்.

சுகந்தி அதை வாசித்துக் காட்டிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கமாகச் சும்மா உட்காரத் தெரியாதவள். பாதி அடுக்கிய பெட்டி அறை நடுவில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. வெளியே லேசாகத் தூறல். அவள் முந்தானையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். போன் மடியில் இருந்தது. அவர் கூரையைப் பார்த்துப் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொன்னார். பதினேழு ஒன்பது நூற்றைம்பத்து மூன்று.

"பயமா இருக்கு," என்றது சொல்லி.

பலகை வாசித்த அதே குரல்தான். ஆனால் அந்தக் கண்டிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தன் குரல் இத்தனை தனியாக ஒலிக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

எல்லாம் போயிற்று என்று நினைத்தார். ஏன், எதற்கு என்று இனி அவள் கேட்பாள். அவள் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியுமுங்க," என்றாள்.

அவர் தாளில் எழுதினார். 'எப்படி?'

"ஒப்புதல் படிவத்துல எங்கையெழுத்தும் வாங்குனாங்கல்ல? எதுக்காக இந்தப் பரிசோதனைன்னு அதுலயே போட்டிருந்துது. படிக்காம கையெழுத்துப் போட நான் என்ன உங்களாட்டவா?" குரல் கொஞ்சம் பிசிறியது. "நான் ஊருக்குப் போகாம நின்னுருவேன்னுதானே மறைச்சீங்க? நீங்களே சொல்லட்டும்னு நானும் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆறு நாளா."

அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். தேர்க்கூட்டத்தில் தொலையாமல் இருக்கப் பிடித்ததைத் தவிர, அப்படிப் பிடித்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. தூறல் நின்று, வாசல் மரம் சொட்டி முடிக்கும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அதற்குப் பிறகு சொல்லி எதுவும் பேசவில்லை.

*

"காசநோய்தான்," என்றார் டாக்டர். "புற்று இல்லை. நெறிக்கட்டியில மட்டும் இருக்கு, மத்தவங்களுக்குப் பரவற வகையும் இல்லை. ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிடணும். அவ்வளவுதான்."

சுகந்தி, "ஆறு மாசம் மாத்திரை கசக்குமுங்களா? நல்லாக் கசக்கட்டும்," என்றாள். டாக்டர் சிரித்தார். அம்மா தாராளமாக ஊருக்குப் போகலாம், ஐயாவும் இனிப் பேசலாம், முதல் நாளே அதிகம் வேண்டாம் என்றார்.

ஒட்டுகளைக் கழற்ற வந்த மெர்லின் குனிந்ததும் முகத்தைச் சுளித்தாள். "என்னய்யா, ஊட்டி மலையே உங்க கழுத்துல இருக்கு? தைலம் தேய்ச்சீங்களா?"

திருமூர்த்தி குற்றவாளியைப் போல நின்றார்.

மெர்லின் கருவியின் பதிவைத் திறந்து பார்த்தாள். "அதானே! செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு பத்துக்கே நாலு ஒட்டும் செத்துப் போச்சு. ஒரு வார்த்தை பிடிக்கலை. பரவாயில்ல, மிச்ச நாளெல்லாம் போன்ல அடிச்சே சமாளிச்சிருக்கீங்க. இருபத்திமூணு வாக்கியம். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லையே!"

திருமூர்த்தியின் போன் ஐந்து நாளாக வீட்டு அலமாரியில் அணைந்து கிடந்தது. அவர் மெல்லத் திரும்பிச் சுகந்தியைப் பார்த்தார். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கறையே இல்லாத கண்ணாடியை மிகவும் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

*

வண்டி ஆஸ்பத்திரி இருந்த ஊரின் எல்லையைத் தாண்டும்வரை அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் மாம்பழக் கலர் சேலை கட்டியிருந்தாள். இந்த ஐந்து நாளில் சட்டைப் பை சொன்ன ஒவ்வொன்றையும் அவர் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் தன்னுடையது என்று அல்லவா ஏற்றுக்கொண்டிருந்தார்? ஒன்றைக்கூட அவரால் இப்போது திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

"ரசம்?" என்றார். குரல் துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது.

"நாந்தான்."

"சேலை?"

"நாந்தானுங்க." அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க சொல்வீங்கன்னு காத்திருந்தா சேலை நைஞ்சு போயிருமுல்ல."

"மச்சான்?"

"பின்னே? எங்கண்ணன எனக்குத் தெரியாதா? நான் சொன்னா மூஞ்சியத் தூக்கிக்குவாரு. உங்க குரல்ல சொன்னா ரெண்டு நாள்ல மறந்துருவாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தைலத்தைத் தேச்சுப்போட்டு இல்லைன்னு தலையாட்டுனீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு, மிசினு செத்துருச்சுன்னு. அஞ்சு நாளைக்காவது எனக்குப் பேசறதுக்கு ஒரு புருசன் இருக்கட்டுமேன்னு..."

திருமூர்த்தி சாலையைப் பார்த்தார். கேட்காமல் விட்டுவிடலாம். விடுவதில் அவர் வல்லவர்.

"அப்போ நேத்து," என்றார். "பயமா இருக்குன்னது?"

சுகந்தியின் சிரிப்பு நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தென்னந்தோப்புகள் ஓடின. வண்டி கிணத்துக்கடவைத் தாண்டி, அந்தப் பழைய பள்ளத்தில் இறங்கி ஏறியது. யாரும் அதைத் திட்டவில்லை.

"அது உங்களுக்காக அடிக்கலீங்க," என்றாள் கடைசியில், ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடியே. "எனக்குத்தான். எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தேன், எங்குரல்ல வரவே இல்லை."

கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல் அது. யாழினி பிறந்தபோதும், அவருடைய அப்பா போனபோதும், வீட்டில் எல்லோரும் கலங்கி நின்ற ஒவ்வொரு முறையும், 'ஒண்ணும் ஆகாது' என்று சொன்ன குரல். அதற்குள்ளும் முழுங்கப்பட்டது ஏதாவது இருக்கும் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஒரு சொல் அவர் தொண்டைக்கு வந்தது. பழக்கதோஷத்தில் தொண்டை அதை விழுங்கப் பார்த்தது. காயம் வலித்தது. கழுத்தில் ஒட்டு இல்லை, பையில் கருவி இல்லை, வெளியே வர வேண்டுமானால் அவரேதான் விட வேண்டும்.

"எனக்கும்," என்றார்.

சுகந்தி திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"போதுமுங்க," என்றாள். "மொத நாளே இவ்வளவு பேசுனா தொண்டை தாங்காது."